கட்டைவிரலுக்கு அடியில் ஒரு வரி

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் லேசர் அக்கா. டாக்டரின் பக்கத்தில் நிற்கும் நர்ஸ். லேசர் மெஷின் வந்த நாளிலிருந்து, என்னவோ தன் சீதனத்தில் கொண்டு வந்தது போல அதன்மேல் அவளுக்கு ஒரு பெருமை. ஞானப்பல் எடுக்க வருகிறவர்கள் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பார்கள். “கத்தியே கிடையாதுங்க. வெறும் வெளிச்சம்தான்” என்று சொல்லிக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிடுவாள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

அது முழு உண்மை இல்லை. லேசர் ஈறைத் திறக்கும். ரத்தமும் வீக்கமும் குறையும். எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் பல்லை எடுக்க அதே பழைய டிரில்லும் இடுக்கியும்தான். இது அவளுக்கும் தெரியும், கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் தெரியும்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. நரம்பு பாதிக்கப்பட்டு நாக்கு மரத்துப்போகலாம், அபூர்வமாக அது நிலைத்தும் விடலாம் என்று அதில் ஒரு வரி உண்டு. அதைப் படித்த இரண்டு பேர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்கள். அதற்கப்புறம் அந்த வரியின்மேல் கட்டைவிரலை ஊன்றித்தான் தாளை நீட்டுவாள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்கென்ன வந்தது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஒருநாள் அவள் தங்கையே வந்தாள், கன்னம் வீங்கி, வலியில் கண் கலங்கி. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவள். நாற்பது கிண்ணம் வரிசையாக வைத்தால், ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, எது தேறும் எது தேறாது என்று சொல்லிவிடுவாளாம்.

“இதுல என்னக்கா எழுதியிருக்கு?”

“எல்லாருக்கும் இருக்கறதுதான். உனக்கு நான் கெடுதல் பண்ணுவேனா? போடு.”

போட்டாள்.

ஈறு அழகாக ஆறியது. மூன்றாம் நாளே வீக்கம் வடிந்துவிட்டது. நாக்கின் இடது பக்கம் மட்டும் மரத்தது மரத்தபடியே இருந்தது; அந்தப் பக்கம் ருசியும் தெரியவில்லை. உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். எட்டு மாதம் ஆகிவிட்டது. கம்பெனியில் தங்கையை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

லேசர் அக்கா இப்போது படிவத்தை முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படிக்கிறாள். சிலர் எழுந்து போகிறார்கள். போகட்டும்.

போன வாரம் கவுண்டருக்கு வந்து நின்றாள்.

“நேத்து தங்கச்சி வந்திருந்தா. டீ போட்டுக் குடுத்தேன். நல்லா இருக்குன்னா.”

“நல்லதுதானே?”

“இருபது வருஷமா என் டீயைக் குடிச்சு ஒரு நாளும் அவ நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. ஒண்ணு தண்ணி ரொம்பக் கொதிச்சிருச்சும்பா, இல்ல தூள் பழசும்பா.” மேஜைமேல் கிடந்த படிவங்களை இழுத்து அடுக்கினாள். “மனசு தாங்கல. கேட்டுட்டேன். அந்த வரியப் படிச்சிருந்தா நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டதானேன்னு.”

“என்ன சொன்னா?”

“‘போட்டிருப்பேன்க்கா, அப்படி ஒரு வலி. ஆனா, தெரிஞ்சு போட்டிருப்பேன்’னா.”