வாய் வைத்துக் குடிக்கும் ஒயின்

மூன்று சிவப்பு ஒயின்களில் எது உயர்ந்தது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேற்று மதுரை கோச்சடைக்கு அப்பால், ஓர் இத்தாலியரும் அவர் மனைவி மரியம்மாளும் ஒயின் தயாரிக்கும் தோட்டத்துக்குப் போனேன். மரியம்மாள் அங்கேயே வயல் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர்.

மரியம்மாள் மூன்று ஒயின்களையும் ஒவ்வொன்றாக டம்ளரில் ஊற்றித் தந்தார். முதலாவதை வழக்கம்போல் அண்ணாந்து குடித்தேன்.

“வாசனை மூக்குக்கே போகலையேம்மா. வாய் வச்சுக் குடிங்க,” என்றார் இத்தாலியர், மதுரைத் தமிழில்.

“அவுகள விடுங்க. நம்ம வீட்டு டம்ளர்ல எப்படி வாய் வைப்பாக?” என்றார் மரியம்மாள், என்னைப் பார்க்காமல்.

வாய் வைத்தேன். மூன்றையும் குடித்தேன். மூன்றும் புளித்தன. மரியம்மாள் சிரித்தார்.

இன்று காலை மரியம்மாள் ஓர் ஒயின் புட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்து, “வாய் வச்சே குடிங்க,” என்றேன்.

“அது ஒயினுக்குத்தாம்மா,” என்று சொல்லிவிட்டு, அண்ணாந்து குடித்தார்.