நான் குடித்த கிண்ணம்

குன்னூர் டாக்டர் டார்ச் அடித்து என் கீழுதட்டின் உள்ளே பார்த்துவிட்டு, "சாதாரண வாய்ப்புண்ணுங்க. யாருக்கும் ஒட்டிக்காது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரும் தலையாட்டினார்.

மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் திருவிருந்து. எங்கள் கோயிலில் திராட்சை ரசம் குடிக்க இன்னும் எல்லாருக்கும் ஒரே கிண்ணம்தான். கல்யாணமான நாளிலிருந்து பீடத்தின் முன்னால் நானும் அடுத்து அவருமாகத்தான் முழங்காலிடுவோம். நான் குடித்த கிண்ணம் அவரிடம் போகும். அன்று ஆயர் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் என் கணவர் எழுந்தார். என்னைச் சுற்றி வந்து, கிண்ணம் எனக்கு முன்பே வந்துசேரும் பக்கத்தில் முழங்காலிட்டார். சபையே பார்த்தது.

எனக்கு அடுத்த இடம் காலி. அதற்கும் அப்பால் இருந்த பெண் என் வீங்கிய உதட்டைப் பார்த்தாள். கிண்ணம் வந்தபோது வேண்டாமென்று தலையசைத்துவிட்டாள். திராட்சை ரசம் பட்டுப் புண் எரிந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, டாக்டர் சொன்னதக் கேட்டீங்கதானே?"

"கேட்டேன். எதுக்கு ரிஸ்க்குன்னுதான்."

அன்றிலிருந்து டீ தம்ளரும் அவருக்குத் தனி.

போன வாரம் அவர் நாக்கில் புண். "உங்கிட்ட இருந்துதான் வந்துச்சு" என்றார். நான் கூடலூர் மிளகை ஒரு கை கூடுதலாக அரைத்துப் போட்டுக் கோழிக் குழம்பு வைத்தேன். முதல் வாயிலேயே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எனக்குள் இப்படி ஒருத்தி இருப்பதை இத்தனை வருடம் நானே அறிந்ததில்லை.

"காரம் ஜாஸ்திங்களா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.