இரண்டு டிவிசன், ஒரு தேர், நடுவில் நான்

ஊர்ச் சண்டைகளைப் பேசித் தீர்க்கிற இணக்க சபையில் உட்காருகிறவனுக்கு முதல் தகுதி, இரண்டு பக்கமும் தலையாட்டினாலும் சுளுக்காத கழுத்து. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே வாழ்கிற உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் வொலிபோல் மெட்சில் பிடித்த பகை. அம்மன் தேர் மேலிருந்து கீழே வர வேண்டும். அடிதடி நடந்தால் தேர் நகராது என்று பொலிஸில் சொல்லிவிட்டார்கள். சமாதானம் செய்கிற பொறுப்பு சபை சார்பில் என் தலையில் விழ, எனக்குத் தூக்கம் போனது.

கத்திச் சத்தம்

கவ்வாத்துக்கு முதல் நாள் மேல் டிவிசன் ஆட்கள் லயத்து வீட்டு வாசலில் கத்தி தீட்டியிருக்கிறார்கள். தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி, தீட்டித்தானே ஆக வேண்டும்? கீழே அது சண்டைக்கு அழைப்பாகக் கேட்டது. அவர்களும் தீட்டினார்கள். அதைக் கேட்டு மேலே இன்னும் தீட்டினார்கள். மூச்சு வாங்க ஏறிப் போய், "இன்னுமா முடியல?" என்று மேல் டிவிசன் தலைவர் முனியாண்டியைக் கேட்டேன்.

"எப்பவோ முடிஞ்சிருச்சுங்க ஐயா. அவங்க நிறுத்தட்டும்னுதான் பாக்குறோம். கத்தி தேஞ்சு தேஞ்சு, இப்ப வெங்காயம் வெட்டத்தான் ஆகும்."

பெஞ்சுப் பேச்சுவார்த்தை

பொது இடம் வேண்டும் என்றார்கள். இரண்டு டிவிசன் குழந்தைகளையும் விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராதான் கிடைத்தது. அங்கே இருப்பதெல்லாம் குட்டி பெஞ்சுகள். முனியாண்டியும் கீழ் டிவிசன் தலைவர் செல்லையாவும் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்கள். முதலில் எழுந்தவர் பயந்தவராகிவிடுவாராம், அதனால் இருவரும் எழவே இல்லை. செல்லையா விரலை நீட்டிக் கத்தியதும் பெஞ்சு முனகியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் லெட்சுமியக்கா எட்டிப் பார்த்தார்.

"சண்டை போடுறதுன்னா எந்திரிச்சுப் போடுங்க. பெஞ்சு ஒடைஞ்சா பிள்ளைங்க எங்க உக்காரும்?"

சொல்லிவிட்டுச் செய்

ஒருவழியாக உடன்பாடு வந்தது. சந்தேகம் வரும்படி எது செய்தாலும் மற்ற டிவிசன் தலைவருக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிட வேண்டும். பிரமாதமான யோசனை, என்னுடையதுதான். பிறகு கோழி அடித்தாலும் போன், விறகு பிளந்தாலும் போன். ஒருநாள் நான் முனியாண்டி வீட்டில் இருக்கும்போதே செல்லையா அவருக்குப் போன் பண்ணினார்.

"அண்ணே, இங்க சட்டி பானை பறக்குற சத்தம் கேக்கும். அது எனக்கும் வீட்டுக்காரிக்கும்தான். நீங்க பயப்படாதீங்க."

எல்லையில் தேர்

தேர் கீழ் டிவிசன் எல்லையைத் தொட்டபோது, அங்கிருந்த இளைஞர்கள் நீண்ட மூங்கில் கழிகளோடு ஓடி வந்தார்கள். போன் எதுவும் வரவில்லை. மேளம் நின்றது. மேல் டிவிசன்காரர்கள் வடத்தைக் கீழே போட்டார்கள். நான் நடுவில் போய் நின்றதை வீரம் என்று நினைக்காதீர்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், ஓட வழியில்லை.

கழிகள் என் தலைக்கு மேல் உயர்ந்து, தேர்க் கலசத்தில் மாட்டவிருந்த கரண்ட் கம்பியைத் தூக்கிப் பிடித்தன. முனியாண்டி மறுபடி வடத்தை எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லையாதான் சங்கடத்தோடு அவர் பக்கத்தில் வந்தார்.

"போன்ல சார்ஜ் இல்லண்ணே. அதுக்காக ஆத்தாவ நிப்பாட்டி வைக்க முடியுமா?"

அன்று இரண்டு டிவிசனும் போட்டி போட்டு எனக்குச் சோறு போட்டதில், சண்டையைத் தாங்கிய என் வயிறு சமாதானத்தைத் தாங்கவில்லை.