மஞ்சள் இறகில் கரும்பொட்டு

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே குத்தகை நிலத்தில் சம்பா போடும் அம்சத்துக்கு எதையும் பிரித்துப் பார்க்காமல் மனசு ஆறாது. போன வருஷம் பால் பிடிக்க வேண்டிய நேரத்தில் வயலெங்கும் கதிர்கள் வெளுத்து நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது, அத்தனையும் பதர். கணவன் இளையபெருமாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். அவளோ பயிரின் தாளைக் கீறினாள். உள்ளே வெளிர்நிறப் புழு ஒன்று நெளிந்தது.

இன்னொரு தாளைக் கீறாமல் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தாள். சில நாளில் விரல் நகமளவு அந்துப்பூச்சி ஒன்று வெளியே வந்தது. வைக்கோல் மஞ்சளில், கூரை இறக்கியதுபோல் மடிந்த இறகுகள். ஒவ்வோர் இறகிலும் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு கரும்பொட்டு.

“இந்தப் பொட்டுக்காரியா நம்ம வயித்துல அடிச்சா?” என்றான் இளையபெருமாள்.

“அடிச்சது இருக்கட்டும், அழகைப் பாருங்களேன்.”

வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்க்கும் எழில்மொழியிடம் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினாள். தண்டுத் துளைப்பான் என்றாள் எழில்மொழி. இறகு முளைத்தபின் அது எதையும் தின்பதில்லையாம். பகலெல்லாம் பயிரோடு பயிராக ஒட்டிக் கிடக்குமாம்; இருட்டினால் விளக்கைத் தேடிப் பறக்குமாம். இலை நுனியில் முட்டையிட்டு, தன் வயிற்று மயிரையே உதிர்த்து அதற்குப் போர்வை போடுமாம். கேட்டுக்கொண்டிருந்த அம்சத்துக்கு மெய்சிலிர்த்தது.

இந்த வருஷம் நாற்றுப் பறித்ததும், கட்டுக் கட்டாக எடுத்து நுனியைக் கிள்ளச் சொன்னாள். நடவுக்கு வந்த ரெங்கம்மாள் சிரித்தாள்.

“நாத்துக்கு முடிவெட்டா? கிள்ளினா பயிரு நிக்குமா அம்சம்?”

“நுனி போனா தழைச்சுக்கும்க்கா. குருத்து போனா?”

ரெங்கம்மாள் நாற்றுக்கட்டு ஒன்றை எடுத்துக் கிள்ளத் தொடங்கினாள்.

கிள்ளிய நுனிகளில் பழுப்புப் பஞ்சாக முட்டைகள். கொளுத்திவிடலாம் என்றான் இளையபெருமாள். அம்சம் கேட்கவில்லை. எழில்மொழி சொன்னபடி பானையில் போட்டு, வலைத்துணி கட்டி, புழு வயலுக்குத் தப்பாதபடி தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே வைத்தாள்.

ஒரு காலையில் அவள் கூப்பிட்ட சத்தம் வாய்க்கால் வரை கேட்டது.

“என்னங்க, ஓடியாங்க!”

வலைக் கண்கள் வழியே தூசிபோல எதுவோ கிளம்பி வயல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“குளவிங்க. அந்தப் பொட்டுக்காரி முட்டைக்குள்ளயே முட்டையா இருந்து, அதைத் தின்னு வந்ததுங்க. இனி வயல்ல இருக்குற அவ முட்டையையும் விடாதுங்க. அந்தப் போர்வையையும் துளைச்சிருக்கு பாருங்க!”

அறுப்பு மிஷின் இறங்கிய அன்று வயலில் வெண்கதிர் அறவே இல்லாமலில்லை, அங்கங்கே தெரிந்தது. மற்றதெல்லாம் மணி முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. ரெங்கம்மாள் ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்தாள்.

“அடுத்த தடவை எங்க நாத்தங்காலுக்கு வந்து சொல்லிக் குடு,” என்றாள். “பானை என்கிட்ட இருக்கு.”