ஒரு வரிசைக்கு ஒரே எண்

கதவில் தாரால் எழுதிய எண்பத்தேழு. ஏழின் கால் வழிந்து அடிப்பலகைவரை ஓடியிருக்கும். அவசரத்தில் எழுதிய எழுத்து. எழுதியவன் நான்.

எங்கள் ஊரின் வரலாற்றையும் மக்கள்தொகையையும் பள்ளி ஆண்டு மலருக்காக எழுதித் தரக் கேட்டிருக்கிறார்கள். வரலாறு எளிது. ஆற்றோரம் கேழ்வரகும் கரும்பும் விளைந்த கிராமத்துக்கு ரயில் வந்தது. வாணியம்பாடியிலிருந்து சாயபுமார்கள் வந்து தோல் பதனிடும் ஷாப்பு வைத்தார்கள். வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். பஜார், பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று கிராமம் டவுனாயிற்று. மக்கள்தொகை என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது. பழைய சென்சஸில் அச்சாகியிருக்கும் தொகை நான் கொடுத்தது. அது பொய்.

அப்போது நான் இளம் வாத்தியார். சென்சஸ் வேலை எங்கள் தலையில்தான் விழும். முதலில் கதவுக்குக் கதவு எண் எழுத வேண்டும், பிறகு அந்த எண்படி ஆட்களைக் கணக்கெடுக்க வேண்டும். பஜார் தெருவில் மோர் கொடுத்த வீடுகளில் எண்ணைக் கொஞ்சம் அழகாகவே எழுதினேன். கடைசியாக மிஞ்சியது தோல் ஷாப்புக்குப் பின்னால், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகளை ஒட்டி, அங்கே வேலை செய்பவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள்.

முதல் கதவருகே தயங்கி நின்ற என்னைப் பார்த்து ஷாப்பு மேஸ்திரி சிரித்தார். “இன்னா வாத்தியாரே, மூக்கப் புடிச்சிக்கினா எண்ணப் போறீங்க? எல்லாம் ஒரே சுவருதான். மொதக் கதவுல ஒரு நம்பர் போட்டுட்டுப் போங்க. ஆளுங்க கணக்கு நான் சொல்றேன்.”

அப்படியே செய்தேன். அவர் சொன்னது தம்மிடம் கூலி வாங்கும் ஆண்களின் கணக்கு. பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் அதில் இல்லை.

அந்த முதல் வீட்டுக்காரி ஷாப்புக்கு ஆவாரம்பட்டை இடிப்பவள். தலையெல்லாம் பட்டைத்தூளோடு என் பின்னால் ஓடி வந்தாள்.

“ஐயா, பக்கத்து வூட்டுக்குலாம் போடலியே? எங்க கெணத்துத் தண்ணி சுண்ணாம்பு எறங்கிக் கசக்குது. வூட்டுக் கணக்குப் பாத்துதான் புதுக் கெணறு வெட்டுவாங்களாமே!”

“நாளைக்கு வர்றேன்மா” என்றேன்.

போகவில்லை. நாற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தோல் வியாபாரிகளின் வீடுகளிலும் அதே நாற்றம்தான், அங்கே உட்கார்ந்து சர்பத் குடித்தேனே. அந்த வரிசை வீடுகளுக்குள் குனிந்து போக என் சாதி என்னை விடவில்லை. விடும்படி நானும் அதைக் கேட்கவில்லை.

கிணறு பஜார் தெருவுக்குப் போயிற்று. ஒற்றை வீட்டுக்காக யார் கிணறு வெட்டுவார்கள்? வரிசைப் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் குடம் சுமந்து வருவார்கள்.

“ஒரே வூட்டுக்கு எம்மாந் தண்ணி வேண்டிக்கீது பாத்தியா, வாத்தியாரே?” என்று ஒருநாள் அவள் கேட்டாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மணியடிக்க நேரமாகிவிட்டது போல நான் உள்ளே நுழைந்துகொண்டேன்.

அடுத்த சென்சஸில் அந்த வரிசையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தார்ச் சட்டியோடு போய் நின்றவன் அசந்துவிட்டேன். எல்லாக் கதவிலும் எண்பத்தேழு! முதல் கதவைப் பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பால் அவர்களே எழுதியிருந்தார்கள், ஏழின் கால் வழிந்த கோட்டையும் சேர்த்து.

“நீ ஒண்ணுதான் குட்த்த. நாங்க பங்கு போட்டுக்கினோம்” என்றாள் அவள். தலை நரைத்திருந்தது. “வா ஐயா, இப்பனாச்சும் உள்ள வந்து எண்ணு.”

ஒவ்வொரு வீட்டிலும் குனிந்து நுழைந்து எண்ணினேன். பிறகு கிணறும் வந்தது. அதில் முதல் குடம் இழுக்க அவள் இல்லை.

மலருக்கு அந்தப் பழைய சென்சஸ் தொகையையே எழுதி, ‘இது குறைவு, குறைத்தவன் நான்’ என்று அடியில் சேர்த்திருக்கிறேன். அச்சிடுவார்களோ, மாட்டார்களோ. நேற்று அந்தப் பக்கம் போனேன். இப்போது வீட்டுக்கு வீடு தகரத்தில் தனித்தனி எண். முதல் வீட்டில் மட்டும் அதே பழைய கதவு. அவள் பேரன் எண்பத்தேழின்மேல் புதிதாகத் தார் பூசியிருக்கிறான். வழிந்த கோட்டையும் அவன் விடவில்லை.