லிம் கட்சிக்குப் பலர், எட்மண்ட் கட்சிக்கு ஒருத்தி

மொழிபெயர்ப்புத் தொழிலில் முதல் விதி, பேசுபவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். கோர்ட்டில் இருபது வருஷம் ‘நான் திருடவில்லை’ என்று யார் யாருக்காகவோ சொல்லியிருக்கிறேன். ஒருவரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை. ஓய்வு பெற்றபின், ஜார்ஜ்டவுனில் மோர்மன் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் சபை ஒன்றில் ஞாயிறுதோறும் தமிழர்கள் உட்காரும் வரிசைக்கு மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டேன். நான் கும்பிடுவது மாரியம்மனை. இருவர் சண்டைக்கு நடுவில் மாட்டி விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்; என் பாடு புரியும்.

எந்தக் கட்சி?

மோர்மன்கள் பலதாரத்தைக் கைவிட்டு நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இன்று யாராவது இரண்டாவது கட்டினால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள். சண்டையெல்லாம் பழைய கதைக்குத்தான். சபையை நிறுவியவருக்குப் பல மனைவிகள், சபையே அதை ஒப்புக்கொண்டுவிட்டது என்பார் பிரதர் லிம். ஒரே மனைவிதான், பின்னால் வந்தவர்கள் தங்கள் வசதிக்காக அவர் தலையில் பழியைப் போட்டார்கள் என்பார் அவருடைய பள்ளிக்கூட நண்பர் பிரதர் எட்மண்ட்.

ஞாயிறு வகுப்பில் நான் விதிப்படி, ‘பல மனைவிகள் என்று நான் நம்புகிறேன்’ என்றேன். அடுத்த நிமிஷம், ‘ஒரே மனைவி என்று நான் நம்புகிறேன்’ என்றேன். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. நிபோங் திபாலிலிருந்து வரும் பாக்கியம் அக்கா, என் மொழிபெயர்ப்பைக் கேட்கும் காதுக்கருவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“காலையிலேர்ந்து மாத்தி மாத்திப் பேசறியேம்மா, நீ மொதல்ல ஒரு முடிவுக்கு வா லா.”

ஐஸ் மைலோ

வகுப்பு முடிந்தும் சண்டை முடியவில்லை. பக்கத்துக் காதர் பாய் கடையில் தொடர்ந்தது; தே தாரிக் என்னும் நுரை பொங்க ஆற்றிய டீக்குப் பேர்போன கடை. மோர்மன்கள் டீ, காப்பி தொடமாட்டார்கள். ஆளுக்கொரு ஐஸ் மைலோ, சாக்லேட் பானம். என்ன தகராறு என்று காதர் பாய் கேட்க, எனக்குப் புரிந்த வரையில் சொன்னேன். அவர் மேசையில் இருந்த டம்ளர்களைப் பார்த்தார்.

“தே தாரிக் வேணாங்கிறதுல மட்டும் நல்லா ஒத்துமையா இருக்காங்க அக்கா.”

தேவிகாவின் கேள்வி

இதுவரை எனக்கு வேடிக்கைதான். தமிழ் வரிசையில் தேவிகாவுக்கு அப்படியில்லை. புக்கிட் தெங்கா பேக்டரியில் வேலை. முதல் புருஷன் மாக் மண்டினில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தது தெரிந்து விவாகரத்து வாங்கியவள். அடுத்த மாதம் அவள் கட்டிக்கொள்ளப்போவது இந்த லிம்மைத்தான். அவர் மனைவியை இழந்தவர். மோர்மன் ஆலயத்தில் முத்திரையிட்ட கல்யாணம் சாவோடு முடிவதில்லை, மறுமையிலும் தொடரும். லிம்மும் மூத்தவளான அந்த மனைவியும் அப்படி முத்திரையிட்டவர்கள்.

ஒரு ஞாயிறு அவள் கையைத் தூக்கினாள். தன்னையும் முத்திரையிட்டால் மேலே அவருக்கு இரண்டு மனைவிகளா என்று கேட்டாள். ஆங்கிலத்தில் நான் சொல்லி முடிப்பதற்குள் எட்மண்ட் எழுந்துவிட்டார், பழைய கடிதம் ஒன்றை ஆதாரம் காட்டி. லிம்மும் தன் பங்குக்கு ஓர் ஆதாரத்தை எடுத்தார். மணி அடித்துவிட்டது. தேவிகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அவங்க ரெண்டு பேரும் தாத்தா காலத்துக் கல்யாணத்தப் பேசறாங்க, நான் அடுத்த மாசத்துக் கல்யாணத்தக் கேட்டேன்.”

கார் நிறுத்துமிடத்தில்

லிம்முக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு ஆங்கிலம் போதாது. இருவரும் பழகியது பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில். காதலுக்கு அது போதும், மறுமைக்குப் போதாது. ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள். ‘மேலே நான் உங்களுக்கு இரண்டாவதா?’ என்று நானே லிம்மின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

லிம் ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: நடந்ததைத்தான் நான் பேசினேன், ஆசைப்பட்டதை அல்ல. மூத்தவளை விட்டுவிட என்னால் முடியாது. மேலே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். தேவிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னாள்.

“நீ மட்டுந்தான்னு சொன்னவனோட பன்னெண்டு வருஷம் இருந்துட்டேன் அக்கா, தெரியாதுன்னு சொல்றவரு பரவால்ல.”

அடுத்த மாதம் அந்தக் கல்யாணத்துக்கும் நான்தான் மொழிபெயர்ப்பு, இருவருக்காகவும் ‘நான் சம்மதிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்தபிறகு எனக்கு எத்தனை கல்யாணம் ஆனது என்று லிம்மும் எட்மண்டும்தான் விவாதித்துச் சொல்லவேண்டும்.