ஆரஞ்சு மேல்சட்டைக்காரர்

ஹோரஸ் டில்மன் நடந்துகொண்டிருக்கும்போதே சட்டென்று ஒரு மரத்தை அண்ணாந்து பார்ப்பார். அடுத்து குனிந்து சாக்கடை மூடியைப் பார்ப்பார். கக்கத்தில் இடுக்கிய கிளிப் அட்டையை எடுத்து ஏதோ எழுதுவார். மறுபடி விறுவிறுவென்று நடப்பார். இருநூறு அடிக்கு ஒரு தரம் இது நடக்கும். உடம்பில் பளபளக்கும் பட்டை தைத்த ஆரஞ்சு மேல்சட்டை. நெஞ்சில் நூலால் பின்னிய 'ஹோரஸ்'. மில்வாக்கி நகரச் சாலைத் துறையில் இருந்தபோது போட்ட சட்டை அது. அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது.

எந்த வேலையும் கிடையாது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நடக்கிறார். போன வருஷம் அவர் நெஞ்சைத் திறந்து தைத்த டாக்டர், தினமும் இரண்டு மைல் நடந்தே தீரவேண்டும், இன்னொரு தடவை திறந்தால் இந்த இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார். மகள் ரோஷெல் மருத்துவமனையில் மருந்தாளுநர். ஊருக்கு வெளியே, வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் இந்தத் தெருவில் வீடு வாங்கி, அப்பாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். எங்களைப்போல் கறுப்பர்களுக்கு இந்தத் தெருவில் அந்த ஒரு வீடுதான்.

வந்த முதல் வாரம் அவர் சாதாரணச் சட்டையில்தான் நடந்தார். மூன்று நாளில் இரண்டு முறை போலீஸ் கார் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது. "ஏதாச்சும் உதவி வேணுமா சார்?" என்று கேட்டார்களாம். நாலாம் நாள் பெட்டிக்குள்ளிருந்து ஆரஞ்சு சட்டையை எடுத்தார். அன்றிலிருந்து ஒருவரும் அவரை எதுவும் கேட்டதில்லை.

"நடக்கிற மனுஷனைத்தான்டா கேப்பாங்க, வெண்டல். வேலை பாக்குற மனுஷனை யாரு கேக்கப்போறா" என்பார் என்னிடம். நானும் அதே துறையில் அவரோடு மண்வெட்டி பிடித்தவன். சனிக்கிழமைகளில் துணைக்கு நடக்கப் போவேன். எனக்கென்று இன்னொரு ஆரஞ்சு சட்டை வைத்திருக்கிறார். போடமாட்டேன் என்றால் வாசல்படி இறங்கவிடமாட்டார்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இந்தத் தெருவில் ஆடைதான் முழுசும். ஆளை எவர் பார்த்தார்கள்? எதிர்வீட்டு கிரெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் அரை டவுசரோடு, மேலே ஒன்றுமில்லாமல் ஓடுவான். நாலு வீட்டுத் தோட்டத்துக்குள் குறுக்கே புகுந்து போவான். ஒருநாள் சாவியை மறந்துவிட்டுத் தன் வீட்டுச் சன்னலையே நெம்பிக்கொண்டிருந்தான். போகிற வழியில் ஒருத்தர் காரை நிறுத்தி அவனுக்கு ஏணி பிடித்தார். ஹோரஸ் இதைச் சொல்லிச் சிரிப்பார். "அவன் தப்பா எதுவும் பண்ணலடா. நானும் எதுவும் பண்ணல. அவ்வளவுதான் வித்தியாசம்." எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இந்தத் தெருவுக்கு 1979-ல் தார் போட்டவர்களில் நாங்கள் இருவரும் உண்டு. அப்போது இங்கே ஒரு வீட்டுவாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை இருந்தது. ஹோரஸ் ஞாயிற்றுக்கிழமை கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு மனைவி லுவெல்லாவோடு கேட்கப் போனார். நேற்றுத்தான் விற்றுப்போச்சு என்றார் தரகர், மிகவும் மரியாதையாக. அந்தப் பலகை பனி உருகும்வரை அங்கேயே நின்றது. அந்த வருஷம் அங்கே வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் அதை விற்றுக் கல்லூரிக்குப் போனார்கள். ஹோரஸின் மகள் கடன் வாங்கிப் படித்தாள். பலகை நின்ற அந்த வீட்டைக் கடக்கும்போது மட்டும் அவர் அட்டையில் எதுவும் எழுதமாட்டார்.

அவர் எழுதுவது பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை. சட்டையைப் பார்த்து, சாலைத் துறை ஆள் என்றே நினைத்து, ஆட்கள் தேடி வந்தார்கள். குழி விழுந்திருக்கிறது, விளக்கு எரியவில்லை என்றார்கள். இவர் சாயங்காலம் அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒரு குடிமகனாக, விடாமல் நச்சரித்துச் செய்யவைத்துவிடுவார். மூலைவீட்டு திருமதி லிண்டலின் கூரைமேல் சாய்ந்திருந்த மேப்பிள் மரக்கிளையை வெட்டவைத்ததும் இவர்தான். அந்த அம்மாள் கிறிஸ்துமசுக்கு இவருக்கு பிஸ்கட் டப்பா கொடுத்தாள். தினமும் இவர் கையைத் தூக்கிக் காட்டுவார். அவள் சன்னலிலிருந்து கையசைப்பாள்.

ரோஷெலுக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. போன வியாழக்கிழமை சட்டையைத் தன் கார் டிக்கியில் பூட்டிவிட்டாள். "அப்பா, இது நம்ம தெரு. ஒரே ஒரு நாளாச்சும் குடியிருக்கிறவரா நடங்கப்பா" என்றாளாம். அவள் குரல் உடைந்ததால்தான் ஒப்புக்கொண்டேன் என்றார். நடக்கத்தானே வேண்டும், எப்படியானாலும்.

சர்ச்சுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டார், தொப்பியும் வைத்துக்கொண்டார். கையில் அட்டை இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லையாம். பைக்குள் விட்டால் தப்பு, வெளியே தொங்கவிட்டாலும் ஒருமாதிரி. மூலைவீட்டு முன்னால் நின்று, வெட்டின கிளையின் காயம் ஆறிவிட்டதா என்று பார்த்தார். சன்னலில் திரை அசைந்தது. வழக்கம்போல் கையைத் தூக்கினார். திரை மூடிக்கொண்டது.

ஒரு மைல்கூட ஆகவில்லை. குறுக்கு வழியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கால்மணி நேரத்தில் போலீஸ் கார் தெருவில் மெதுவாக வந்தது. கோட்டைக் கழற்றாமலே சன்னலோரம் நின்று, அது மூன்று தரம் போய் வருவதைப் பார்த்தாராம். வெள்ளிக்கிழமை நடக்கவே இல்லை. வீட்டுக்குள் சமையலறைக்கும் கூடத்துக்கும் அலைந்து கொண்டிருந்தார். அன்று இரவு ரோஷெல் சட்டையைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டாள்.

சனிக்கிழமை நான் போனேன். இருவரும் ஆரஞ்சு சட்டையில் கிளம்பினோம். மூலைவீட்டு வாசலில் திருமதி லிண்டல் வீட்டுக்குள் போடும் செருப்போடேயே ஓடிவந்தாள்.

"ஹோரஸ், நல்லவேளை வந்தீங்க. நீங்கதான் தெரு முழுக்கச் சுத்துறீங்க. வியாழக்கிழமை ஒருத்தன் என் வீட்டையே பாத்துட்டு நின்னான். போலீஸ் வரதுக்குள்ள மாயமாயிட்டான்."

நான் ஹோரஸைத் திரும்பிப் பார்த்தேன். ஹோரஸ் என்னைப் பார்க்கவில்லை. கிளிப் அட்டையை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"ஆள் எப்படி இருந்தான், மேடம்?"

"உயரம். கறுப்பு. கறுப்புக் கோட்டு, தொப்பி. என்னைப் பாத்துக் கையை வேற தூக்கினான். உடம்பே நடுங்கிடுச்சு."

அவர் ஒவ்வொன்றாக, குண்டு குண்டாக எழுதினார். "தாடி உண்டா?"

"வெள்ளைத் தாடி."

"எவ்வளவு இருக்கும்?"

அவள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். "கிட்டத்தட்ட உங்க தாடி அளவு."

அதையும் எழுதிக்கொண்டார். பேனாவை மூடினார். நான் வாயைத் திறக்கப்போனேன். அவர் முழங்கையால் என்னை இடித்தார். "வாடா, இன்னும் ஒன்றரை மைல் இருக்கு."

தெருமுனையில் திரும்பி நின்று கையைத் தூக்கினார். அவளும் சிரித்தபடி கையசைத்தாள்.